கம்ப்ரஸ் போடச் சொன்னார்கள், போட்டேன். இப்போது என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது

புதுக்காது

வணக்கம். சிறுகதைகளை வாசித்து ஒலிநூலாக்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கிறேன். கணினியில் நேரே செருகும் ஒரு மைக், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள், சுவரில் தொங்கும் ஒரு கனத்த போர்வை. என் ஒலிப்பதிவுக் கூடம் இவ்வளவுதான். 11 அத்தியாயங்களை முடித்துத் தொகுப்பவருக்கு அனுப்பினேன். பதில் இப்படி வந்தது:

> ரூம் நாய்ஸ் அதிகம். கொஞ்சம் கம்ப்ரஸ் போடுங்கள். பீக் மைனஸ் 3-க்குள், ஆர்எம்எஸ் மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில், நாய்ஸ் ஃப்ளோர் மைனஸ் 60-க்குக் கீழே. மோனோ, 44.1, 192-இல் எக்ஸ்போர்ட்.

எனக்குப் புரிந்தது "அதிகம்", "கீழே", "நடுவில்" ஆகிய மூன்று சொற்கள்தான். அதிலும் முதல் குழப்பம் கம்ப்ரஸ். நான் அனுப்பியதே எம்பி3 கோப்பு. அது ஏற்கெனவே கம்ப்ரஸ் ஆனதுதானே? மறுபடி எதைக் கம்ப்ரஸ் செய்வது?

சரி என்று மெனுவில் இருந்த கம்ப்ரஸரை ஓட்டினேன். குரல் கனமாக வந்தது, கூடவே உஸ்ஸென்ற ஓசையும் ஏறிவிட்டது. அதைப் போக்க நாய்ஸ் ரிடக்‌ஷனை நன்றாக அழுத்திக் கொடுத்தேன். உஸ் போய்விட்டது. ஆனால் இப்போது நான் கிணற்றுக்குள் மூழ்கிக்கொண்டே கதை சொல்வதுபோல் இருக்கிறது. யாராவது இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக விளக்க முடியுமா?

மணல்கடிகாரம்

கம்ப்ரஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் உண்டு, ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. எம்பி3 செய்வது கோப்பின் எடையைக் குறைக்கும் வேலை. உங்கள் தொகுப்பவர் கேட்டது குரலின் மேடு பள்ளத்தைக் குறைக்கும் வேலை. முதலாவதில் மெகாபைட் குறையும். இரண்டாவதில் ஒரு பைட்கூடக் குறையாது. உரக்கப் பேசிய இடத்துக்கும் தணிந்து பேசிய இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் சுருங்கும்.

அந்த இரண்டாவதற்குள் நாலைந்து குமிழ்கள் இருக்கும். எண் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும், அதனால் ஒரு கணக்கு.

த்ரெஷோல்டு என்பது வாசற்படி. அதைத் தாண்டும் ஒலியை மட்டுமே கம்ப்ரஸர் தொடும். அது மைனஸ் 20-இல் இருக்கட்டும். ரேஷியோ 4:1 என்றால், படியை 4 டெசிபல் தாண்டிய ஒலியை 1 டெசிபல் மட்டுமே தாண்ட விடும். நீங்கள் உரக்கச் சொன்ன ஒரு சொல் மைனஸ் 8-இல் இருக்கிறது. படிக்கு மேல் 12 டெசிபல். நாலில் ஒரு பங்கு 3. ஆக அந்தச் சொல் மைனஸ் 17-க்கு இறங்கும். மைனஸ் 30-இல் கிசுகிசுத்தது படிக்குக் கீழே இருப்பதால் அப்படியே இருக்கும். முன்பு இரண்டுக்கும் நடுவில் 22 டெசிபல் இருந்தது. இப்போது 13.

உச்சி 9 டெசிபல் இறங்கிவிட்டதல்லவா? அந்த 9-ஐ மொத்தப் பதிவுக்கும் திருப்பிக் கொடுப்பதுதான் மேக்கப் கெயின். உரத்த சொல் பழையபடி மைனஸ் 8-க்கு வரும். கிசுகிசுப்பு மைனஸ் 21-க்கு ஏறிவிடும். கேட்பவர் ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

உங்கள் வினை தொடங்கியது இந்த இடத்தில்தான். மேக்கப் கெயின் குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஏற்றாது. அறையின் உஸ்ஸையும் அதே 9 டெசிபல் ஏற்றும். கம்ப்ரஸ் போடுவதற்கு முன்பு, யாரும் பேசாத இடத்தில் மீட்டர் என்ன காட்டியது?

புதுக்காது

பார்த்தேன். மைனஸ் 58. மேக்கப் கெயின் அநேகமாக நீங்கள் சொன்ன அதே 9-தான்.

மணல்கடிகாரம்

அப்படியானால் மைனஸ் 49-க்கு வந்திருக்கும். அவர் கேட்டது மைனஸ் 60. இந்த 11 டெசிபலை நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒன்றை மட்டும் வைத்து அடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். கிணறு அப்படி வந்தது. விரிவாக இரவு எழுதுகிறேன்.

புதுக்காது

அதற்குள் இன்னொன்று கேட்டுவிடுகிறேன். ஏன் எல்லாமே மைனஸ்? ஒலி எப்படி எதிர்ம எண்ணாக இருக்க முடியும்?

தறிநாடா

இது எனக்குப் பிடித்த கேள்வி, நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியுலகில் டெசிபலைத் தரையிலிருந்து மேல்நோக்கி அளப்பார்கள். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலிக்குப் பக்கத்தில் பூஜ்யம் இருக்கும், அங்கிருந்து ஏறிப் போகும். டிஜிட்டலில் பூஜ்யத்தைக் கூரையில் கட்டி வைத்துவிட்டார்கள். கணினி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் 0. மற்ற எல்லாம் கூரையிலிருந்து எத்தனை தாழ்வு என்ற கணக்கு. மைனஸ் 3 என்றால் கூரைக்கு 3 டெசிபல் கீழே. ஏறத்தாழ 6 டெசிபல் இறங்கினால் அலையின் உயரம் பாதியாகும்.

கூரையில் இடித்தால் என்ன ஆகும்? இடித்த பகுதி தட்டையாகிவிடும். குன்றின் உச்சியை வாளால் சீவியதுபோல் அலை தெரியும். கிளிப்பிங் என்பது இதுதான். காதில் கரகரப்பாக விழும். பிறகு ஒலியளவைக் குறைத்தாலும் உச்சி திரும்ப முளைக்காது. சீவிய குன்று தாழ்வான இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

கெயினுக்கும் வால்யூமுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வருகிறது. மைக்கில் இருக்கும் கெயின் குமிழ் உள்ளே நுழைவதைத் தீர்மானிக்கிறது. ஹெட்போனுக்கான வால்யூம் உங்கள் காதுக்கு வருவதைத் தீர்மானிக்கிறது. ஹெட்போனில் சரியாகக் கேட்கிறது என்று நம்பி ஒரு முழு நேர்காணலைக் கிளிப்பிங்கோடு பதிவு செய்தவன் நான். பேசியவர் இரண்டாம் முறை பேச ஒப்புக்கொள்ளவில்லை.

பதிவு செய்யும்போது உச்சிகள் மைனஸ் 12 பக்கம் இருக்கட்டும். அந்த மீதி இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர். தலை இடிக்காமல் இருக்க விட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வேட்டை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கெயின், வால்யூம், நாய்ஸ், ஃப்ளோர்... தமிழில் ஒரு சொல்கூடவா இல்லை? பெருக்கம், ஒலியளவு, இரைச்சல், இரைச்சல் தளம் என்று எழுதினால் புரியாதா?

தறிநாடா

புரியும். ஆனால் அவர் திரையில் பார்க்கும் மெனுவில் கெயின் என்றுதானே இருக்கிறது? பெருக்கம் என்று தேடினால் கிடைக்காதே.

சொல்வேட்டை

மெனுவுக்கு மெனுவின் சொல் இருக்கட்டும். மனத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல் இருந்தால் பொருள் ஒட்டிக்கொள்ளும், அதைத்தான் சொல்கிறேன். நம் பேச்சில் "சத்தம்" படுகிற பாட்டைப் பாருங்கள். "சத்தம் கேட்டது" என்றால் ஒலி. "சத்தத்தைக் குறை" என்றால் ஒலியளவு. "ஒரே சத்தமாக இருக்கிறது" என்றால் இரைச்சல். புதுக்காது சத்தத்தைக் கூட்டப் போய்ச் சத்தமும் கூடிவிட்டது என்று வருந்துகிறார். தமிழில் இந்த வாக்கியம் சரி. வேலைக்குத்தான் உதவாது.

மணல்கடிகாரம்

சொல்வேட்டை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரைச்சல் என்ற சொல் எனக்கு வேண்டும், அதை இனி எழுதுகிறேன். கெயின் கெயினாகவே இருக்கட்டும்.

வாக்குக் கொடுத்தபடி இரைச்சல் விவகாரம். நாய்ஸ் ஃப்ளோர் என்பது யாரும் பேசாதபோது மீதியிருக்கும் ஒலி. மின்விசிறி, கணினியின் உள்விசிறி, மைக்கின் சொந்த உஸ், எல்லாம் சேர்ந்த தரை. குரல் இந்தத் தரைமேல் நிற்கிறது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்யும் விதம் இது. முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டுவீர்கள். அது அந்த இரைச்சலைத் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலிவரை பல பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும், எந்தப் பட்டையில் ஒலி அந்த அளவுக்குக் கீழே வருகிறதோ அதை மட்டும் அமுக்கும். மிதமாக அமுக்கினால் காதுக்குத் தெரியாது. 20, 24 டெசிபல் என்று அமுக்கினால், குரலின் மெல்லிய பகுதிகள் இருக்கும் பட்டைகள் பட்டுப்பட்டென்று திறந்து மூடும். அந்தத் துடிப்புதான் நீருக்குள் குமிழி விடுவதுபோல் கேட்கிறது. சொல்லின் கடைசியில் தேய்ந்து போகும் ஓசைகள் முதலில் பலியாகும்.

என் கருத்தைக் கேட்டால், 6 முதல் 10 டெசிபலுக்குமேல் இந்தக் கருவியிடம் கேட்கக் கூடாது. அதற்குமேல் தேவைப்பட்டால் பதிவில்தான் குறை. மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரம்?

புதுக்காது

ஒரு முழம் இருக்கும். மேசையின் அந்தப் பக்கம்.

மணல்கடிகாரம்

ஒரு சாணுக்குக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறை இரைச்சல் கூடாது, அது எல்லாப் பக்கமும்தான் இருக்கிறது. குரல் கூடியதற்கு ஈடாகக் கெயினை 6 குறைத்தால் குரல் பழைய அளவில் நிற்கும், அறை மட்டும் 6 இறங்கும். எந்த மென்பொருளும் இப்படி இலவசமாகத் தராது.

ஒரு எச்சரிக்கை. பல மைக்குகள் நெருங்க நெருங்க அடிக்குரலைத் தடிப்பாக்கிக் காட்டும். ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அதற்குக் கீழே உள்ள உறுமலும் மேசை அதிர்வும் குறையும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயரத்தை விட்டுத் தாழ்வை வடிகட்டும் சல்லடை.

நள்ளிரவுப்பதிவு

நெருங்கினால் இன்னொரு தொல்லையும் வரும். "ப" சொல்லும்போது மூச்சு மைக்கில் மோதி டப்பென்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வையுங்கள். "ஸ", "ஷ" சீறினால் அதற்கு டீ-எஸ்ஸர் என்று தனிக் கருவி உண்டு. பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்து, சீறும் நேரத்தில் மட்டும் அந்தப் பகுதியை அமுக்கும். அதிகம் போட்டால் "சிரித்தாள்" என்பது நாக்குத் தடித்தவர் சொன்னதுபோல் ஆகும்.

மணல்கடிகாரம் விட்டுவிட்ட அட்டாக், ரிலீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலி படியைத் தாண்டியதும் கம்ப்ரஸர் எத்தனை மில்லிநொடியில் கைவைக்கிறது என்பது அட்டாக். படிக்குக் கீழே இறங்கியபின் எவ்வளவு நேரத்தில் கையை எடுக்கிறது என்பது ரிலீஸ். தமிழ் வாசிப்புக்கு அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் வல்லினம் மெல்லினமாகிவிடும்! க, ட, ப எல்லாவற்றின் தொடக்க வெடிப்பும் மழுங்கும். ரிலீஸ் மிக வேகமாக இருந்தால் சொல்லுக்குச் சொல் நடுவில் இரைச்சல் எழும்பி எழும்பி அடங்கும். பம்பிங் என்பார்கள். நான் 10, 15 மில்லிநொடி அட்டாக்கில் தொடங்கிக் காதை நம்பித் திருப்புவேன்.

ஒற்றைக்காது

நல்ல இழை. நானும் நடுவில் ஒன்று கேட்கலாமா? என் பதிவு இடது காதில் மட்டும் கேட்கிறது. மைக் பழுதா?

நள்ளிரவுப்பதிவு

மைக் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மைக் தருவது ஒரே அலை, அதாவது மோனோ. நீங்கள் ஸ்டீரியோ டிராக்கைத் திறந்து பதிந்ததால் இடது பக்கம் நிரம்பி வலது காலியாக இருக்கிறது. டிராக்கைப் பிரித்து, காலியான பக்கத்தை நீக்கிவிட்டு, மற்றதை மோனோ என்று வையுங்கள். இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ தேவையே இல்லை.

ஒன்று கவனம். இரு பக்கமும் ஒரே அலை இருந்து, ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகத் திரும்பியிருந்தால், மோனோவாகக் கலக்கும்போது இரண்டும் கழிந்து மௌனமாகிவிடும். ஃபேஸ் சிக்கல் என்று நீங்கள் கேள்விப்படுவதன் மிக மோசமான வடிவம் அது.

புதுக்காது

44.1-உம் 192-உம் இன்னும் பாக்கி. 192 என்பது உயர்தரம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அங்கே 24 பிட் 192 என்றார்கள். இதுவும் அதுவும் ஒன்றா?

மணல்கடிகாரம்

இல்லை. ஒரே எண், வேறு வேறு அலகு. இந்தத் தொழிலின் மிகப் பெரிய பொறி இது, கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

மைக்கிலிருந்து வருவது தொடர்ந்து ஏறி இறங்கும் ஒரு மின் அலை. கணினிக்குத் தொடர்ச்சி தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அதனால் சீரான இடைவெளியில் "இப்போது உயரம் எவ்வளவு, இப்போது எவ்வளவு" என்று அளந்து எழுதிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது சாம்பிள் ரேட். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 44,100 முறை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் என்று இலக்கணம் சொல்கிறது. அதை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், ஒரு குறில் எழுத்துக்குள் 8,820 சாம்பிள்கள் அடங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு முறையும் அளந்ததை எத்தனை இலக்கத்தில் எழுதுகிறது என்பது பிட் டெப்த். 16 பிட் என்றால் உயரத்துக்கு 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216.

பிட் ரேட் என்பது இந்த இரண்டும் இல்லை. ஒரு நொடி ஒலிக்கு மொத்தம் எத்தனை பிட் செலவாகிறது என்ற கணக்கு. சுருக்காத மோனோ வேவ் கோப்பில் 44,100-ஐ 16-ஆல் பெருக்கினால் நொடிக்கு 7,05,600 பிட், அதாவது 705.6 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 317 மெகாபைட். அதையே 192 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 86 மெகாபைட். உங்கள் தொகுப்பவர் கேட்ட 192 இதுதான். காணொளியில் சொன்ன 192 கிலோஹெர்ட்ஸ், சாம்பிள் ரேட். பெயரில் "பிட்" இருப்பதால் பிட் டெப்தும் பிட் ரேட்டும் அண்ணன் தம்பி என்று நினைக்காதீர்கள். எம்பி3 கோப்புக்கு 16 பிட், 24 பிட் என்ற பேச்சே பொருந்தாது. அது உயரங்களை வரிசையாக எழுதி வைப்பதில்லை, ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்துக் காதுக்குத் தெரியாது என்று கணித்த நுணுக்கங்களைக் கழித்துவிட்டு எழுதுகிறது.

கழித்தது திரும்பாது. எம்பி3-ஐத் திறந்து வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் இரண்டாம் முறையும் கழிக்கும். வேலை முடியும்வரை வேவ் அல்லது ஃபிளாக். ஃபிளாக் என்பது 2001-இல் வந்த வடிவம், எதையும் கழிக்காமல் எடையை மட்டும் குறைக்கும். எம்பி3 கடைசியில் ஒரே முறை.

தறிநாடா

44.1 என்ற அந்த விசித்திர எண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை எழுதி வைக்க வீடியோ நாடாக்களைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு வகை வீடியோவில் நொடிக்கு 60 புலம் (புலம் என்பது பாதிப் படம்), ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடிய 245 வரி, வரிக்கு 3 சாம்பிள். பெருக்கினால் 44,100. இன்னொரு வகையில் 50 புலம், 294 வரி, 3 சாம்பிள். அதுவும் 44,100. 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு அந்த எண்ணையே வாரிசாக எடுத்துக்கொண்டது. வீடியோ வேலைகளில் 48,000 நிலைத்துவிட்டது.

இந்த இரண்டையும் கலந்தால் வரும் கூத்து தனி. 48,000-இல் பதிந்ததை மாற்றாமல் 44,100 என்று சொல்லி ஓட்டினால், 60 நிமிடப் பதிவு 65 நிமிடத்துக்குமேல் ஓடும். குரல் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் இறங்கும். எனக்கு ஒரு முறை அப்படி வந்தது, வாசித்தவருக்கு ஜலதோஷம் என்று நினைத்து நலம் விசாரித்தேன்.

நுண்செவி

எல்லாம் சரி, ஆனால் 44.1 போதும் என்று புதியவருக்குச் சொல்வது பாவம். குறைந்தது 96-இல் பதிய வேண்டும். சாம்பிள் குறைவாக இருந்தால் அலை படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அதிகம் எடுத்தால் வழவழப்பாக வரும்.

மணல்கடிகாரம்

அந்தப் படிக்கட்டுப் படம் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் தவறு. சாம்பிள்களைத் திரும்ப ஒலியாக்கும்போது படிக்கட்டு வெளியே வருவதில்லை. புள்ளிகளின் ஊடாகப் போகும் வழவழப்பான அலைதான் வருகிறது. ஓர் அதிர்வெண்ணைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குமேல் அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயரால் வழங்கும் தேற்றம். மனிதக் காது நல்ல நிலையில் 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். இரு மடங்கு 40,000. அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டால் 44,100.

இரு மடங்குக்குமேல் என்பதை மீறினால்தான் சிக்கல். 30,000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தடுக்காமல் 44,100-இல் அளந்தால், அது 14,100 ஹெர்ட்ஸாக வேடமிட்டு உள்ளே வந்து உட்காரும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போன்ற மயக்கம். அலையாசிங் என்று பெயர். அதைத் தடுக்கத்தான் அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது.

நுண்செவி

96-இல் வித்தியாசம் எனக்குக் கேட்கிறது.

நள்ளிரவுப்பதிவு

குரலை வேகம் குறைத்து இழுத்து விளையாடுபவர்களுக்கும் ஒலி விளைவுகள் செய்பவர்களுக்கும் 96 உதவும், அதை மறுக்கவில்லை. கதை வாசிப்பவருக்குக் கோப்பு இரு மடங்காகும், அவ்வளவுதான். பிட் டெப்தில் மட்டும் 24 வையுங்கள் என்பேன். காரணம் தெளிவு வேண்டும் என்பதற்காக அல்ல. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல், 16 பிட்டில் கூரைக்கும் தரைக்கும் நடுவில் 96 டெசிபல், 24-இல் 144. தரை அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் பயமில்லாமல் தணிவாகப் பதியலாம்.

உங்கள் அறை மைனஸ் 58-இல் உஸ் என்கிறது. அதற்குக் கீழே 16 பிட்டே வேண்டிய மட்டும் ஆழம் வைத்திருக்கிறது.

புதுக்காது

நுண்செவி அவர்களும் மணல்கடிகாரமும் இன்னும் பேசுவார்கள் போல. நான் மெல்ல நார்மலைஸுக்கு வருகிறேன். ஆர்எம்எஸ் என்பதும் அதுவும் ஒன்றா? எல்லா அத்தியாயங்களையும் மைனஸ் 3-க்கு நார்மலைஸ் செய்தேன். ஆனாலும் 7-ஆம் அத்தியாயம் மட்டும் தணிந்தே கேட்கிறது.

தறிநாடா

7-ஆம் அத்தியாயத்தில் எங்காவது இருமினீர்களா, மேசையைத் தட்டினீர்களா? அலையைப் பாருங்கள், ஒற்றை ஊசி நீட்டிக்கொண்டிருக்கும்.

நார்மலைஸ் பார்ப்பது மிக உயர்ந்த ஒரே ஒரு உச்சியை. அதை மைனஸ் 3-க்குக் கொண்டுவர எவ்வளவு ஏற்ற வேண்டுமோ அவ்வளவு மட்டும் முழுப் பதிவையும் ஏற்றும். ஒரு இருமல் ஏற்கெனவே அங்கே எட்டியிருந்தால், "வேலை முடிந்தது" என்று நின்றுவிடும். மேடு பள்ளம் மாறாது, கம்ப்ரஸருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

காது உச்சியைப் பார்த்து உரக்கம் சொல்வதில்லை, நீடித்த ஆற்றலைப் பார்க்கிறது. அதன் சராசரியைச் சொல்வது ஆர்எம்எஸ். அவர் கேட்டிருப்பவை ஏசிஎக்ஸ் என்ற ஒலிநூல் தளம் கேட்கும் அதே எண்கள். ஒலியோடைகளிலும் ஒளிபரப்பிலும் எல்யுஎஃப்எஸ் என்ற வேறு அளவைப் பயன்படுத்துவார்கள். ஆர்எம்எஸ்ஸின் படித்த தம்பி அது. எந்த அதிர்வெண் காதுக்கு எவ்வளவு உறைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010-இல் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் என்று வகுத்தார்கள். பேச்சு நிகழ்ச்சிகளைப் பலர் மைனஸ் 16 பக்கம் வைக்கிறார்கள்.

இருமலை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். கடைசியில் லிமிட்டரை மைனஸ் 3-இல் வையுங்கள். அதுவும் கம்ப்ரஸர் இனம்தான், ஆனால் ரேஷியோவில் பேரமே கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்ட விடாது.

புதுக்காது

இருமல்தான்! 14-ஆவது நிமிடத்தில். வெட்டினேன். வெட்டிய இடத்தில் "டிக்" என்கிறது. அதோடு அந்த இடத்தில் திடீரென்று உலகமே நின்றுபோனது போலவும் இருக்கிறது.

நள்ளிரவுப்பதிவு

இரண்டும் தனித்தனி நோய்.

டிக் ஏன் என்றால், அலை உயரத்தில் இருக்கும்போது கத்தி விழுந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஓர் உயரம், அந்தப் பக்கம் வேறு உயரம். நடுவில் ஒரே தாவல். ஸ்பீக்கர் அந்தத் தாவலை டிக் என்று சொல்கிறது. அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் தாவல் இருக்காது. ஜீரோ கிராசிங் என்பது அந்த இடம். ஆடாசிட்டியில் தேர்வு செய்துவிட்டு இசட் விசையை அழுத்தினால் தேர்வின் ஓரங்கள் பக்கத்து ஜீரோ கிராசிங்குக்கு நகரும். இல்லையென்றால் ஒரு துண்டு மெல்லத் தேயும்போதே அடுத்தது மெல்ல ஏறும்படி 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் போடுங்கள். அரை மாத்திரைகூட இல்லை, யாருக்கும் தெரியாது.

உலகம் நின்றது ஏன் என்றால், இருமல் இருந்த இடத்தில் சுத்த மௌனத்தை வைத்திருப்பீர்கள். அறையின் உஸ் திடீரென்று அறுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிந்து வையுங்கள். ரூம் டோன் என்போம். மௌனம் தேவைப்படும் இடத்தில் அதிலிருந்து ஒரு துண்டு. நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரி காட்டவும் அதுவே உதவும்.

சொல்வேட்டை

ரூம் டோனுக்கு "அறை மௌனம்" என்று வைக்கலாமா?

நள்ளிரவுப்பதிவு

வைக்கலாம். இது எனக்கே பிடித்திருக்கிறது.

ஒற்றைக்காது

மோனோ ஆக்கிவிட்டேன், நன்றி. இன்னொன்று. பேசும்போது என் குரல் ஹெட்போனில் சற்றுத் தாமதமாக வருகிறது, வாய் குழறுகிறது.

மணல்கடிகாரம்

லேட்டன்சி. கணினி சாம்பிள்களை ஒவ்வொன்றாகக் கையாளாமல் ஒரு கூடையில் சேர்த்து அனுப்புகிறது. கூடைக்குப் பஃபர் என்று பெயர். 44,100-இல் 1,024 சாம்பிள் கூடை நிரம்ப 23 மில்லிநொடி ஆகும். 256 என்றால் 6-க்குச் சற்றுக் குறைவு. போகும் வழி, வரும் வழி இரண்டிலும் கூடை உண்டு. மிகச் சிறிதாக வைத்தால் கணினி மூச்சு வாங்கி வெடிப்பொலி கொடுக்கும். உங்கள் மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் செருகுங்கள், குரல் கணினிக்குப் போகாமல் நேரே காதுக்கு வரும்.

தறிநாடா

புதுக்காது, அனுப்பும்போது புராஜெக்ட் கோப்பை அனுப்பிவிடாதீர்கள். சேவ் செய்தால் வருவது ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும் வேலைக் கோப்பு. எக்ஸ்போர்ட் செய்தால்தான் ஊருக்குப் புரியும் ஒலிக்கோப்பு. பழைய பதிப்புகளில் வேலைக் கோப்பு ஒரு சின்னக் குறிப்பேடு மட்டுமே, ஒலியெல்லாம் பக்கத்தில் ஒரு கோப்புறையில் இருக்கும். 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் இரண்டும் ஒன்றாயின. அதற்கு முன்பு நான் அந்தக் குறிப்பேட்டை மட்டும் அனுப்பிவிட்டு, கோப்புறையைக் குப்பை என்று அழித்தேன். மேலே சொல்ல விரும்பவில்லை.

புதுக்காது

நான்கு நாள் கழித்து வருகிறேன். மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்து, கெயினைக் குறைத்து, முதல் அத்தியாயத்தைப் புதிதாக வாசித்தேன். அறை மௌனம் மைனஸ் 64! ஹை பாஸ் 80-இல் போட்டேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் வெறும் 6. கம்ப்ரஸர் 2.5:1, மேக்கப் 4. கடைசியில் லிமிட்டர். இப்போது பீக் மைனஸ் 3.2, ஆர்எம்எஸ் மைனஸ் 20.6, இரைச்சல் மைனஸ் 66. கிணற்றிலிருந்து ஏறிவிட்டேன். தொகுப்பவர் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார்.

மற்ற அத்தியாயங்களையும் இப்படியே வாசிக்கப் போகிறேன். 4-ஆம் அத்தியாயம் மட்டும் கவலை. அதில் ஒரு பெண் வாசலில் நின்று கத்துகிறாள். பழைய பதிவில் அந்த இடம் முழுக்கத் தறிநாடா சொன்ன சீவிய குன்றுதான். மெல்லக் கத்தினால் கதை கெட்டுவிடும்.

தறிநாடா

மெல்லக் கத்த வேண்டாம். அந்த வரியை மட்டும் தனி டிராக்கில், கெயினை 10 டெசிபல் குறைத்துப் பதியுங்கள். முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு நன்றாகவே கத்துங்கள். பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

நள்ளிரவுப்பதிவு

ஒட்டும் இடத்தில் கிராஸ்ஃபேட். அந்த டிராக்குக்கும் தனியாக அறை மௌனம் எடுத்துவிடுங்கள், கெயின் வேறு.